படத்தில் இல்லாத தண்ணீர்

காலை 9.40. ஆரணி பேருந்து நிலையத்தில் இறங்கியபோது கக்கத்தில் செயற்கைக்கோள் படங்களைச் சுருட்டி வைத்திருந்தேன். பட்டு எடுக்க வந்தவன் என்று நினைத்துத் தரகர் ஒருவர் விடாமல் பின்னால் வந்தார். ஏரி பார்க்க வந்திருக்கிறேன் என்றதும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். 2002 ஏப்ரல் மாதம் அது. காலையிலேயே தலை கொதித்தது. இரண்டு ரூபாய்க்குத் தேநீர் குடித்துவிட்டுத் தேவிகாபுரம் பேருந்தில் ஏறினேன். டிக்கெட் ஆறரை ரூபாய்.

வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஏரிகளிலிருந்து எவ்வளவு தண்ணீர் வீணாகிறது என்று வானத்திலிருந்து எடுத்த படங்களை வைத்துக் கணக்கிடுவது எங்கள் அலுவலகத்தின் தொழில். அந்தப் படங்களில் தண்ணீர் கறுப்பாகவும் பயிர் சிவப்பாகவும் தெரியும். கறுப்பு எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று பார்த்து, அதில் வெயில் குடித்ததைக் கழிப்போம். தேவிகாபுரத்துக்கு அப்பால் ஓர் ஏரியில் மட்டும் கணக்கு உதைத்தது. டிசம்பரில் முழுக்கக் கறுப்பு, பிப்ரவரியில் முழுக்கச் சிவப்பு. எந்த வெயிலும் அவ்வளவு குடிக்காது. குளிரூட்டிய அறையில் இருந்த எங்கள் மேதாவிகள், யாரோ திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று எழுதி ஊருக்கும் அனுப்பிவிட்டார்கள். நேரில் பார்க்கும் வேலை மட்டும் அதற்கப்புறம் என் தலையில் விழுந்தது.

11.30. தேவிகாபுரத்தில் பாசன சங்கத்தைச் சேர்ந்த முனுசாமி மொபெட்டோடு காத்திருந்தார். பின்னால் உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

"உங்க படம் கரெக்டு சார். நீர்கட்டி ஏழுமலதான் ராவுல மதக தொறந்து பக்கத்து ஊருக்கு வித்துட்டான். மதகுல இப்ப சொட்டுத் தண்ணி வர்ல. உங்க ரிப்போர்ட்ட வச்சிகினு பஞ்சாயத்துல கேட்டோம். மறுநாளே ஊர உட்டு ஓடிட்டான். தப்பு பண்லன்னா ஏன் சார் ஓடணும்?"

நீர்கட்டி என்றால் மதகைத் திறந்து மூடி வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுகிறவர். அந்த ஏழுமலையின் மனைவி அஞ்சலை கரையடியில் நின்றிருந்தார். நான் வருவது எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருக்கிறது.

"சார், எங்க ஊட்டுக்காரரு தண்ணிய விக்கலன்னு எழுதிக் குடுங்க சார். ரேஷன் கடைல நின்னாகூட திருடன் பொண்டாட்டின்றாங்க. எங்க இருந்தாலும் அது அவரு காதுல உழுந்தா திரும்பி வந்துடுவாரு."

"பாக்கறேம்மா" என்றேன்.

நண்பகல். கரைமேல் ஏறினோம். சுற்றிலும் வயல்கள் வெடித்துக் கிடக்க, ஏரிக்குள் மட்டும் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே பச்சை. ஆகாயத்தாமரை. ஒரு கொக்கு இல்லை, ஒரு தவளைச் சத்தம் இல்லை. காற்று அடித்தபோது அந்தப் பச்சை மொத்தமும், தூங்குகிறவர் வயிறு போல, மெதுவாக ஏறி இறங்கியது. அழுகல் வாடை வேறு. கரையில் மேய்ந்த ஆடுகள் ஒன்றுகூட உள்ளே இறங்கவில்லை. பட்டப்பகலில் எனக்குப் பயமாக இருந்தது.

"யாரும் எறங்கிப் பாக்கலியா?"

"ஓரத்துல சேறு காஞ்சி போச்சி சார். அதுக்கு மேல யாரு போவா? பாத்தாலே மனசு ஒரு மாதிரி ஆவுது."

ஒரு கல்லை விட்டெறிந்தேன். இலைகள் விலகி அதை வாங்கிக்கொண்டு மூடிக்கொண்டன. சத்தமே இல்லை. பிறகு மதகுப் படியில் இறங்கி, கிடந்த மூங்கில் கழியைச் செடிகளுக்குள் செருகினேன். கழி போய்க்கொண்டே இருந்தது. இரண்டு ஆள் உயரம் போயும் தரை தட்டவில்லை. வெளியே இழுத்தபோது முக்கால்வாசிக் கழி நனைந்து சொட்டியது.

எனக்கு வந்த சந்தோஷத்தில் கத்தியேவிட்டேன்.

"அம்மா, தண்ணி எங்கயும் போகல! இங்கயேதான் இருக்கு. செடி மேல மூடிக்கிச்சு, படத்துல அது பயிர்னு விழுந்துடுச்சு. வேர் போய் மதக அடச்சிருக்கு, அதான் தண்ணி வரல. உங்க வீட்டுக்காரர் மேல ஒரு தப்பும் இல்ல."

முனுசாமியின் முகம் சுருங்கிவிட்டது. "மதகு அடச்சிகினா ஏழுமலதான் அருவாளோட முங்கி வேர அறுத்து உடுவான்" என்று முணுமுணுத்தவர், சொல்லி முடித்ததும் சட்டென்று மதகுப் பக்கம் திரும்பினார்.

அஞ்சலை என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஞ்சாயத்துக்கு மறுநாளு வெடிகாலைல அருவாள எடுத்துகினுதான் சார் போனாரு. கரும்பு வெட்டப் போயிட்டாருன்னு சொன்னாங்க. நானும் அப்டிதான் நெனச்சிகினு இருந்தேன்."

திருவண்ணாமலை, வேலூர், பெங்களூர் என்று அவரை எங்கெங்கோ தேடியிருக்கிறார்கள். வற்றிப்போனதாகக் காகிதம் சொன்ன ஏரியில் யார் தேடுவார்கள்?

முனுசாமி கயிறும் ஆளும் கொண்டுவர மொபெட்டை எடுத்துக்கொண்டு போனார். அதன் சத்தம் தேய்ந்த பிறகு நாங்கள் இருவர் மட்டும் கரையில் இருந்தோம். சற்று நேரத்தில் ஆரணிக்குத் திரும்பும் பேருந்தின் ஹாரன் தொலைவில் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறேன். எந்த இடத்தையும் விட்டுக் கிளம்புவது எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை.

அஞ்சலை அழவில்லை. என் மடியில் கிடந்த படச்சுருளைத் தொட்டார்.

"அவரு ஓடல சார்" என்றார். "அத எழுதுங்க."