ஒரு நாள் நிறுத்திய கார்

புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், சீசா என்ற பகுதியில் நாங்கள் குடியிருந்த நாலாம் மாடிக்கு நீதிமன்றக் கடிதம் ஒன்று வந்தது. தெருமுனையில் இருந்த தனியார் வாகனத் தரிப்பிடத்தின் உரிமையாளர் எங்கள்மேல் வழக்குப் போட்டிருந்தார். மாசி மாதம் முழுக்க எங்கள் கார் அங்கே நின்றதாம், கட்டணம் கொடுக்கவில்லையாம். நாற்பது நாட்களுக்குள் பதில் சொல்லவேண்டும்.

உண்மையில் நின்றது ஒரே ஒரு நாள். எடுக்கப் போனபோது காசு வாங்க ஆளில்லை. அப்படியே கொண்டுவந்துவிட்டோம்.

"கிழிச்சு எறியும். ஒண்டும் நடக்காது" என்றார் கணவர்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேலை செய்த வீட்டில் துடைத்த மேசையையே திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் பங்குக் கோயிலில் புதன்கிழமைகளில் வந்து எங்கள் ஆட்களின் கடிதங்களை வாசித்துச் சொல்லும் இந்த ஊர் அம்மா ஒருவர் இருந்தார்; சிஞ்ஞோரா என்று கூப்பிடுவோம். நீதிமன்றத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேசாமலிருந்தால் கேட்டதையெல்லாம் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றார். அந்த மாதம் கார் வேறெங்கே நின்றதென்று யாராவது எழுதித் தருவார்களா என்று கேட்டார்.

பகலெல்லாம் அது நகரத்துக்கு வெளியே, பழத்தோட்டங்கள் உள்ள சியாகுல்லியில் நின்றது. கணவர் அங்கே மாண்டரின் தோடம்பழம் பறிக்கப் போய்வந்தார். பதிவில்லாத வேலை. தோட்டத்துச் சொந்தக்காரரிடம் போய்க் கேட்டோம். கையெழுத்து வைத்தால், பதியாமல் ஆள் வைத்ததற்குத் தான் மாட்டிக்கொள்ள வேண்டிவரும் என்று கதவைச் சாத்திவிட்டார்.

நாட்கள் ஓடின. மறுபடி சிஞ்ஞோராவிடம் ஓடினேன். "நின்றது என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்கவேண்டும். உள்ளதை எழுது" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல எழுதி வந்த தாளை வீட்டில் கணவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"ஒரு நாளெண்டு ஏன் ஒத்துக்கொள்ளுறீர்? காரை அங்கை விடவேயில்லை எண்டு எழுதும்."

"விட்டனாங்கள்தானே. இல்லையெண்டு எப்பிடி எழுதுறது?"

தாளை மடித்து உறைக்குள் வைத்தேன்.

தவணை முடிய மூன்று நாள் இருக்கும்போது நீதிமன்றத்தில் பதிலைக் கொடுத்தேன். என் பிரதியில் குத்திய முத்திரை சரியாகத் தெரிகிறதா என்று பஸ்ஸில் மூன்று தரம் எடுத்துப் பார்த்தேன்.

விசாரணையில் நீதிபதி தரிப்பிடத்தின் பதிவுக் கொப்பியைக் கேட்டார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். என் கை கணவரின் சட்டையைப் பிடித்திருந்தது. எங்கள் கார் இலக்கம் ஒரே ஒரு நாளில்தான் இருந்தது. அந்த ஒரு நாளுக்கு மட்டும் கட்டினால் போதுமென்று தீர்ப்பானது.

வெளியே வந்ததும் கணவர், "தேத்தண்ணி குடிப்பமே?" என்றார்.

"நேரமில்லை, வேலை வீட்டிலை மத்தியானம் வரைக்கும்தான் லீவு கேட்டனான்" என்றபடி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.