ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போன அக்கா

எங்கள் அக்கா நிலக்கோட்டையில், மல்லிகைத் தோட்டத்தை நம்பிய குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். மச்சான் காலமான பின், இரண்டு மகள்களை வளர்ப்பதற்காக, நாற்பது வயதுக்கு மேல் திண்டுக்கல்லில் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார்.

முதல் நாளே அவமானம். அந்த மாடியின் சூப்பர்வைசருக்கு, அக்காவின் தம்பியான என் வயதுதான் இருக்கும். "நான் எங்க நிக்கணும் தம்பி?" என்று அக்கா கேட்டிருக்கிறார். "யாருக்கு யாரு தம்பி? சார்னு சொல்லு!" என்று, சேலை எடுக்க வந்தவர்கள் முன்னாலேயே அவர் கத்தினாராம். அக்கா "சரிங்க சார்" என்றார்.

அங்கே உட்காரக் கூடாது. வருகிறவர்களிடம் பழைய ஆட்கள்தான் முதலில் பேசுவார்கள். பிரித்துப் போட்டதையெல்லாம் புதியவர்கள் மடிக்க வேண்டும். பழையவர்களில் மூத்தவரான செல்வி, வயதில் அக்காவுக்கு இளையவர். தன் வளையல் இழுத்து நூல் பிரிந்த ஒரு பட்டுச்சேலையின் பழியை அவர் அக்கா மேல் போட்டார். ஏச்சு முழுவதையும் அக்கா வாங்கிக்கொண்டார்.

"உண்மையச் சொல்ல வேண்டியதுதானக்கா?" என்று நான் கொதித்தேன்.

"அவ பல வருசமா நிக்கிறா, நான் நேத்து வந்தவ. யாரை நம்புவாக? நாளைக்கும் அவ பக்கத்துலதான்டா நான் நிக்கணும்."

மறுநாள் செல்வியிடமே போய், "பட்டை எப்படிக் கையாளணும்னு சொல்லிக் குடுங்க" என்று கேட்டாராம். செல்வியால் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதன் பிறகு மதியச் சாப்பாட்டில் செல்வி சோற்றுக்குக் கொண்டுவரும் வெஞ்சனத்தில் பாதி அக்காவுக்குத்தான்.

ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் அக்காவுக்கு நெஞ்சு வலித்தது. பழைய ஆளைத் தாண்டித் தானே போய்ச் சொன்னால் முறையாகாது என்று, ஆஸ்பத்திரிக்குப் போக சூப்பர்வைசரிடம் கேட்கும்படி செல்வியிடம் சொன்னார்.

"கூட்டம் வந்தாத்தான் இவுகளுக்கு வலி வரும். குறையட்டும், பாப்போம்" என்றார் சூப்பர்வைசர்.

அக்கா சேலை மடித்துக்கொண்டே நின்றார். வேர்த்துச் சரிந்தபோது செல்வி யாரையும் கேட்காமல் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார். வழியில் அக்கா கேட்டது ஒன்றே ஒன்று: "சார்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்க்கா" என்று செல்வி பொய் சொன்னார்.

ஆஸ்பத்திரி வாசலில் அக்காவின் உயிர் பிரிந்தது. கடைக்குத் திரும்பிய செல்விக்கு அங்கே வேலை இல்லை.

முதலாண்டு நினைவு நாளான இன்று, பாடை சுமந்த பங்காளிகளுக்கும், துக்க வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறாக்கிக் கொண்டுவந்த தெருவாருக்கும் எங்கள் நன்றி. மாலை அனுப்பிய கடை முதலாளிக்கும் நன்றி சொல்லிவிடுகிறோம்.

செல்வி அவர்களே, "இன்னும் கொஞ்சம் முன்னாடியே தூக்கியிருக்கலாமே" என்று எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அழுகிறீர்கள். அந்த மாடி நிறைய ஆட்கள் இருந்தார்கள். தூக்கியவர் நீங்கள் ஒருவர்தான்.