அத்தான் வாங்கித் தந்த நீலப் பெட்டி

சாப்பாட்டு மேசையில் வைத்திருந்த புதுக் கம்ப்யூட்டரின் தலையில் கைவைத்துப் போதகர் ஐயா ஜெபம் செய்துகொண்டிருந்தார். எங்கள் சேலையூர் வீட்டில் எந்தப் பெரிய பொருள் வந்தாலும் அதுதான் வழக்கம். ஃப்ரிட்ஜுக்கும் நடந்தது, அப்பாவின் ஸ்கூட்டருக்கும் நடந்தது. என் தொழிலை ஆசீர்வதிக்கும்படி அவர் மன்றாடியபோது எல்லாரும் கண்களை மூடியிருந்தார்கள். நான் மூடவில்லை. எதிரே கைகட்டி நின்ற அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் கணவர். அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்க வேண்டும் என்று தீர்மானித்தவர் அவர்தான். அந்த நிமிஷம் நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டது எதுவும் சபையில் வாய்விட்டுச் சொல்லக்கூடியதாக இல்லை.

கம்ப்யூட்டருக்கு மூளையாக இருக்கிற ப்ராசஸரைச் செய்பவை முக்கியமாக இரண்டு கம்பெனிகள். பெயர் எதற்கு? ஒன்றை நீலம் என்றும் மற்றதைச் சிவப்பு என்றும் வைத்துக்கொள்வோம். சொந்தமாக மெஷின் கட்டியவர்களுக்குப் புரிந்துவிடும். அந்தச் சமயத்தில்தான் சிவப்புக் கம்பெனி நீண்ட தூக்கத்திலிருந்து எழுந்து, நீலக்காரர்கள் நாலு கோர், அதாவது மூளைக்குள் வேலை செய்கிற நாலு கை, தருகிற விலைக்கு எட்டு கோர் தர ஆரம்பித்திருந்தது. நானும் அப்போதுதான் என் தொழிலை ஆரம்பித்திருந்தேன். வீட்டு உள்அலங்கார வரைபடத்தை, நிஜமாகவே போட்டோ எடுத்ததுபோலத் தெரியும் படமாக மாற்றித் தரும் வேலை. ஒரு படம் தயாராகி வருவதற்கு மணிக்கணக்காகும். இருக்கிற கோர் அத்தனையும் அந்த வேலையைப் பங்குபோட்டுச் செய்யும். பந்திக்குச் சமைக்க நாலு பேர் போதுமா எட்டு பேர் வேண்டுமா என்பதுபோன்ற கேள்விதான். பள்ளிக்கரணையில் ஒரு இன்டீரியர் கம்பெனி, சொன்ன நாளில் படம் வந்தால் இனி எல்லா வேலையும் எனக்கே என்று சொல்லியிருந்தது. நான் தேடித் தேடிப் படித்து, ஒப்பிட்டுப் பார்த்து, சிவப்புதான் என்று முடிவு செய்திருந்தேன்.

ஆனால் மூத்த மாப்பிள்ளையைக் கேட்காமல் எங்கள் வீட்டில் ஒரு மிக்சிகூட வாங்கியதில்லை. அதிலும் அத்தான் அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் சப்ளை செய்கிற கம்பெனியில் இருந்தார். என் தேர்வைக் கேட்டதும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை.

"சிவப்பா? அது அடுப்பும்மா. மே மாசத்துல ஆன் பண்ணா மேல தோசை ஊத்தலாம். நான் ஆபீஸ் ஆபீஸா நீலம்தான் போடறேன், ஒருத்தன் கம்ப்ளெயின்ட் பண்ணதில்ல."

"அத்தான், ஆபீஸ்ல லெட்டர் அடிக்கிறதும் என் வேலையும் ஒண்ணில்ல. எனக்கு கோர் நிறைய வேணும்."

"எவனோ யூடியூப்ல சொல்றதக் கேட்டுட்டு கோர், கோர்ங்கிற. உனக்கு எதுக்கு இந்தத் தலைவலி? நான் வாங்கித் தரேன். நீ பாட்டுக்குப் படம் போடு."

நான் அப்பாவைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்தவர், எந்தப் பையனுக்கும் விட்டுக்கொடுக்காதவர், செய்தித்தாளை மடித்து வைத்தார். "மாப்பிள்ளைதான் சொல்லிட்டாரில்ல, அப்புறம் என்ன?" என்றார். அந்த ஞாயிறே அத்தான் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய் நீலத்தை வாங்கி வந்து, தன் கையாலேயே மாட்டி, ஜெபத்துக்கும் ஏற்பாடு செய்துவிட்டார்.

மெஷின் ஓடியது. ஓடவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒரு சமையலறைப் படத்துக்கு அது எடுத்துக்கொண்ட நேரத்தில் அந்தச் சமையலறையையே கட்டி முடித்திருக்கலாம். பள்ளிக்கரணைக்காரர்கள் இரண்டு தடவை பொறுத்தார்கள். மூன்றாவது தடவை போன் செய்து, வேறு ஆள் பார்த்துக்கொண்டோம் என்று மரியாதையாகவே சொன்னார்கள். வந்த வேகத்தில் போய்விட்டது தொழில். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நட்டு போல்ட்டுகளை வரைகிற வேலை கிடைத்தது. தினமும் கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு அத்தானைத் திட்டித் தீர்த்தேன். அவரோ உறவினர் எல்லாரிடமும் இதற்கு ஒரு விளக்கம் சொல்லி வைத்திருந்தார்: "நல்ல மெஷின்தான் வாங்கிக் கொடுத்தேன். பாவம், அவளுக்குத்தான் ஸ்பீடு பத்தல." தொழில் போனதைக்கூட மன்னித்திருப்பேன். இந்த ஒரு வாக்கியத்தை மன்னிக்க முடியவில்லை.

சில வருஷங்கள் கழித்து, யாரையும் கேட்காமல், எட்டு கோர் சிவப்பு ஒன்றை நானே வாங்கி, நானே கட்டினேன். அதற்கு ஜெபம் கிடையாது. இப்போது மேடவாக்கத்தில் ஒரு மாடி முழுக்க என் மெஷின்கள், என்னிடம் வேலை செய்யும் பெண்கள். ஊரும் மெல்ல மெல்ல சிவப்பின் பக்கம் சாய்ந்தது. கூடவே அத்தானும் சாய்ந்தார். அதையாவது சத்தமில்லாமல் செய்திருக்கலாம். ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் பிரியாணியைப் பிசைந்தபடி, "இவளுக்கு சிவப்புதான் சரின்னு அப்பவே நான் சொன்னேன், கேட்டாளா?" என்றார். அப்பா தலையாட்டினார். அக்கா குனிந்துகொண்டாள். என் தொழிலைக் கெடுத்தவர் இப்போது என் நியாயத்தையும் எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இந்த மனுஷனுக்கு ஒரு நாள் வரும், அன்று நான் ஒரு விரலைக்கூட அசைக்க மாட்டேன் என்று.

அந்த நாள் இந்த மே மாதம் வந்தது. அக்கா மகள் கட்டடக்கலை படிக்கிறாள். அவளுக்கு அத்தான் கட்டிக் கொடுத்த சிவப்பு மெஷின் வெயிலில் விசிறி அலற ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாரம் அவள் கல்லூரியில் வரைபடங்களைக் கொடுத்தாக வேண்டும். ஆராதனை முடிந்து எல்லாரும் அக்கா வீட்டில் இருந்தோம். அத்தான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "பேஸ்ட் காஞ்சிருக்கும், ரெண்டு நிமிஷ வேலை" என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. நீலத்தில் ப்ராசஸரை ஒரு இரும்புச் சட்டம் அழுத்திப் பூட்டியிருக்கும். மேலிருக்கும் விசிறியை நேராகத் தூக்கினாலும் ப்ராசஸர் இடத்தைவிட்டு நகராது. அவள் மெஷினில் இருந்த வகைச் சிவப்பில் அப்படிச் சட்டம் கிடையாது. ப்ராசஸரின் அடியில் முடி போன்ற கால்கள் இருக்கும். சூட்டைக் கடத்துவதற்காக நடுவில் தடவிய பேஸ்ட் காய்ந்து இறுகியிருந்தால், விசிறியோடு ப்ராசஸரும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். மெஷினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, விசிறியை மெல்லத் திருகி எடுக்க வேண்டும். காலமெல்லாம் நீலத்தையே மாட்டிய கைக்கு இது தெரியாது. அக்கா மகளின் முகத்தைப் பார்த்ததும் என் முடிவு ஆட்டம் கண்டது. "அத்தான், கொஞ்சம் சூடு பண்ணிட்டு..." என்று வாயைத் திறந்தேன்.

"தள்ளி நில்லும்மா, லைட்ட மறைக்கிற."

தள்ளி நின்றேன். நன்றாகவே தள்ளி நின்றேன்.

டக்கென்று ஒரு சத்தம். விசிறியோடு ப்ராசஸர் ஒட்டிக்கொண்டு வந்தது. அத்தான் அதை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினார், தரையில் விழுந்தது. ஒரு மூலையில் கால்கள் எல்லாம் சாய்ந்து கிடந்தன. அக்கா மகள் அழ ஆரம்பித்தாள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன். அவர் திரும்பி "சரிபண்ண முடியுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அக்காகூட என்னைப் பார்த்தாள். அவர் பார்க்கவில்லை. "போச்சு. டெட். சிவப்புன்னாலே இப்படித்தான்" என்று சாத்துக்குடித் தோல் கிடந்த குப்பைக்கூடையில் எறிந்துவிட்டுக் கை கழுவப் போனார். நான் அதை எடுத்து, துப்பட்டாவில் துடைத்து, கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மேடவாக்கத்தில் குச்சியை எடுத்துவிட்ட மைக்ரோ டிப் பென்சிலின் துளை முனையை ஒவ்வொரு காலிலும் மாட்டி, மெதுவாக நிமிர்த்தினேன். எதுவும் ஒடியவில்லை. வேறு பெட்டியில் மாட்டினேன், உயிர் வந்துவிட்டது. அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்துதான் அக்கா மகள் தன் வரைபடங்களை முடித்தாள். உள்ளே இருப்பது எது என்று அவளுக்குத் தெரியாது. இதை எழுதுவதும் அதில்தான்.

அத்தான் இன்னும் புது ப்ராசஸர் வாங்கவில்லை. நீலமா சிவப்பா என்று கடை கடையாக அலைகிறாராம். நேற்று அக்கா மகள் வந்து சொன்னாள்: "சித்தி, உங்க மெஷின் சூப்பரா ஓடுதுன்னு அப்பாகிட்ட சொன்னேன். உள்ள என்ன ப்ராசஸர்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு. அதையே வாங்கப் போறாராம்."

"அப்பாவையே வந்து கேக்கச் சொல்லு" என்றேன்.

சனிக்கிழமை வருகிறாராம். வந்து, தன் வாயாலேயே என்னிடம் கேட்கட்டும். மெஷினைச் சூடாகும்வரை ஓடவிட்டு, விசிறியை மெல்லத் திருகி எடுத்து, அவர் குப்பைக்கூடையில் எறிந்ததை அவர் மகளின் முன்னாலேயே காட்டப் போகிறேன்.