மூன்றாவது இடத்தில் சிதம்பரம்

அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஆண்டு எனக்கு ஒன்பது வயது. பொறியியல் கலந்தாய்வுக்குக் கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்க அன்று மாலை ஐந்து மணி கடைசி. அதற்காகவே மாமா, அம்மாவின் அண்ணன், சிதம்பரத்திலிருந்து முதுநகரில் இருந்த எங்கள் வீட்டுக்கு மதியமே வந்துவிட்டார். அவர் பார்க்காத எந்த விண்ணப்பத்திலும் அப்பா கையெழுத்துப் போட்டதில்லை.

மாமாவுக்குத் தெற்கு வீதியில் ஜவுளிக்கடை. அக்காவைவிட நான்கு வயது மூத்த மகன் ஒருவர். அக்கா சிதம்பரத்தில் படிக்க வேண்டும், அவர் வீட்டில் தங்க வேண்டும், படித்து முடித்ததும் அந்த வீட்டுக்கே மருமகளாகிவிட வேண்டும் என்பது அவர் திட்டம். முதல் இரண்டையும் எல்லோரிடமும் சொன்னார். மூன்றாவதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தார்.

அக்கா லேப்டாப்பைத் திறந்து சிதம்பரம் கல்லூரியை முதலில் போட்டாள். மாமா தடுத்தார்.

“பொடவ எடுக்க வர்றவங்க புடிச்ச பொடவையவா மொதல்ல தொடுவாங்க? தொட்டா நான் வெலைய ஏத்திட மாட்டேன்? இவனுங்களும் அப்பிடித்தான். ஆசப்படுறோம்னு தெரிஞ்சா இழுத்தடிப்பானுங்க. வேண்டாதத மேல போடு. நம்பளுத மூணாவதா போடு.”

அப்பா தலையாட்டினார்.

“ரொம்ப தூரமா ஒண்ணு சொல்லு பாப்பா,” என்றார் மாமா.

“கோயம்புத்தூர்ல ஒண்ணு இருக்கு மாமா,” என்றாள் அக்கா.

இரண்டு மாதமாக அவள் போனில் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் கல்லூரியைத்தான். அதன் ஹாஸ்டல் மாடிப்படியின் நிறம்கூட எனக்குத் தெரியும். முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் அதை முதலில் போட்டாள். இரண்டாவது இடத்துக்கு மாமாவே திருநெல்வேலியைச் சொன்னார்.

முந்தைய நாள்தான் அக்கா விதிமுறைகளை வாய்விட்டுப் படித்திருந்தாள். கம்ப்யூட்டர் மேலிருந்து கீழே வரும். மார்க்குக்கு எது முதலில் கிடைக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். பெரியவர்களைத் திருத்துவதில் எனக்கு ஆர்வம் உண்டு.

“மாமா, மேல இருக்கறததான...”

“ஏய், ஓடிப்போயி சக்கர வாங்கியா. மாமாவுக்குக் காப்பி போடணும்,” என்றாள் அம்மா.

“டப்பா நெறைய சக்கர இருக்கே!”

“எதுத்து எதுத்துப் பேசாத. போடி.”

கையைப் பிடித்து வாசல்வரை கொண்டுவந்து விட்டாள். நான் திரும்பி வந்தபோது, அப்பாவின் போனுக்கு வந்த எண்ணைப் போட்டுப் பட்டியலை உறுதிசெய்து முடித்திருந்தார்கள்.

கோயம்புத்தூர் கிடைத்தது.

“கம்ப்யூட்டருக்கு யாவாரம் தெரில,” என்றார் மாமா.

“நீங்க சொன்ன வரிசதான மச்சான்,” என்றார் அப்பா. குத்தலாக அல்ல, மரியாதையாகவே.

அக்காவைப் பேருந்தில் ஏற்றிவிட மாமாவும் வந்தார். வண்டி கிளம்பியதும் அம்மாவின் பக்கம் திரும்பினார்.

“நாலு வருசந்தான? ஓடிப்போயிடும். அப்பறம் பேசி முடிச்சிடலாம்.”

“மொதல்ல படிச்சி முடிக்கட்டுண்ணா,” என்றாள் அம்மா.

மாமா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, பேருந்து நிலையத்திலேயே எங்கள் எல்லோருக்கும் ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தார். அதைக் குடித்துக்கொண்டே நானும் அப்படித்தான் நினைத்தேன்.