கனவுக்கு மூன்று பேர்

ஃப்ரேடா லுஸ்ட்கார்ட்டன் விழித்திருக்கும்போதும் பாதி வேறு எங்கோதான் இருப்பாள். நியூ ஜெர்சியில் எங்கள் யூதப் பள்ளியில் கணக்கு டீச்சர். பலகையில் சமன்பாடு எழுதிக்கொண்டே இருப்பாள். திடீரென்று சன்னல் பக்கம் திரும்பி அப்படியே நின்றுவிடுவாள். வெளியே மொட்டை மேப்பிள் மரம் ஒன்று, அவ்வளவுதான். "டீச்சர் கிளம்பியாச்சுடா" என்று பிள்ளைகள் கிசுகிசுப்பார்கள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து விடையை எழுதுவாள், சரியாகவே இருக்கும். அதனால் யாரும் குறை சொன்னதில்லை.

புரூக்ளினில் ஒரு பொத்தான் கடைக்காரரின் மகள் அவள். சின்ன வயதிலிருந்தே தலையணையில் தலை பட்டால் போதும், கனவு வந்துவிடும். வாய்த்த புருஷன் மேயிரோ கட்டை மாதிரி தூங்குகிறவர். அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. ஊரில் பாதிப் பேரின் பார்வையைச் சரிபண்ணியவர். கனவு மட்டும் ஒன்றுகூடக் கண்டதில்லை. காலையில் காப்பி கலக்கிக்கொண்டே பெண்டாட்டியிடம் கேட்பார்: "நேத்து ராத்திரி எங்க போயிட்டு வந்த?"

அவள் சொல்வாள். கடலுக்கு அடியில் ஒரு தபால் ஆபீஸ். அங்கே அவளுடைய அப்பா பொத்தான்களை ஸ்டாம்பு என்று விற்றுக்கொண்டிருக்கிறார். வரிசையில் நிற்பதெல்லாம் மீன்கள். நடுவில் அவள் நிறுத்தினால் மேயிர் காப்பியிலிருந்து கரண்டியை எடுக்காமலே "அப்புறம்?" என்பார். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் அவர்கள் வீட்டுக் காலை.

மேயிர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. கனவுகளுக்கு அது தெரியவேண்டாமா? அவை பாட்டுக்கு வந்துகொண்டிருந்தன. சிகாகோவில் இருக்கும் மகனுக்கு ஒருநாள் போன் போட்டுச் சொல்லிப் பார்த்தாள். "அம்மா, மீட்டிங்ல இருக்கேம்மா" என்றான். பாவம், அவனையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கனவைச் சொல்லாமல் அவளுக்குக் காப்பி இறங்கவில்லை.

எங்கள் பள்ளியில் குளிர்கால விடுமுறை முடிந்ததும் கடைசி வருஷப் பிள்ளைகளுக்கு விருப்பப் பாடங்கள் தொடங்கும். காலேஜுக்கு விண்ணப்பம் போட்டுவிட்ட மிதப்பில் இருக்கும் அந்தக் கழுதைகளைப் பெஞ்சில் உட்கார வைக்க வேறு வழி இல்லை. சாப்பாட்டு ஹாலில் ஆசிரியர்கள் ஆளுக்கொரு மேசை போட்டுப் பிள்ளை பிடிப்பார்கள். இந்த வருஷம் ஃப்ரேடாவும் ஒரு மேசை போட்டாள். பாடத்தின் பெயர் 'கனவுகள்'. கனவைப் பற்றி நம் பெரியவர்கள் சொன்னதையெல்லாம் வாசித்துப் பேசுவது.

கெட்ட நேரம், பக்கத்து மேசை ஜிம் மாஸ்டர் ஷ்முலிக்குடையது. 'சோலெண்ட்: சட்டமும் சமையலும்.' அடுப்பு மூட்டக் கூடாத சனிக்கிழமை ஓய்வுநாளான சபாத்துக்காக ராத்திரி பூராவும் அடுப்பில் கிடக்கும் மாட்டிறைச்சியும் பீன்ஸும் உருளைக்கிழங்கும், ஒரு பெரிய சட்டி நிறைய, ஆவி பறக்க. கூட்டம் அங்கே மொய்த்தது. ஃப்ரேடா ஈ ஓட்டினாள்.

"என்ன ஃப்ரேடா, இன்னும் போணியே ஆகலையா?" என்று கத்தினான் ஷ்முலிக்.

"என் சரக்குக்கு வாசனை கிடையாதுப்பா."

"தலையணை இலவசம்னு எழுதிப் போடு, அள்ளிக்கிட்டு போகும்!"

கடைசியில் இரண்டு பேர் சேர்ந்தார்கள். எல்லா வகுப்பிலும் தூங்குகிற ஷால்வா ஒருத்தி. பீன்ஸ் சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடித்துப்போகிற கெதல்யா ஒருத்தன்.

எங்கள் மதகுருவும் தலைமையாசிரியருமான ரபி பெர்லோ அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். ஒருகாலத்தில் அவளிடம் அல்ஜீப்ராவில் திணறியவர்தான்.

"பத்து பேராவது வேணும் டீச்சர். பத்து பேர் சேராம நாம கூட்டுப் பிரார்த்தனையே பண்றதில்ல. வகுப்பு மட்டும் எப்படி?"

"பிரார்த்தனைக்குத்தான் பத்து. கனவுக்கு மூணு போதும், ரபி. சட்டமே அப்படித்தான்."

அவள் சொன்னது எங்களிடையே உள்ள பழைய வழக்கம். கெட்ட கனவு கண்டவர் மறுநாள் காலையில் மூன்று நண்பர்களை உட்கார வைத்து, 'நல்ல கனவு கண்டேன்' என்று சொல்லவேண்டும். 'நல்ல கனவுதான், நல்லதாகவே ஆகட்டும்' என்று அவர்கள் பதில் சொல்லவேண்டும். இப்படி ஏழு முறை. எல்லோருக்கும் தெரியும், யாரும் செய்வதில்லை.

ரபி சிரித்துவிட்டார். "அப்படியே வச்சுக்கிட்டாலும் உங்ககிட்ட ரெண்டு பேர்தானே இருக்காங்க! முதல் வகுப்ப நடத்துங்க. நான் வந்து புள்ளைங்கள வேற பாடத்துக்கு மாத்திடறேன்." ஃப்ரேடா தலையாட்டிவிட்டு, காருக்குள் போய் உட்கார்ந்து அழுதாள்.

முதல் வகுப்புக்கு முந்தின ராத்திரி மேயிர் வந்தார். சமையலறை, காப்பி, கரண்டி. அவளுக்கு முதுகைக் காட்டி நின்றார். அவள் பேசப் பேச அவர் திரும்பவே இல்லை. பதறி எழுந்தபோது சன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

காலையிலும் அது விடவில்லை. வகுப்பறைச் சன்னலில் மேப்பிள் மரம் இருக்கிற இடமே தெரியவில்லை. சுவரோரம் வெப்பக் குழாய் மெல்ல உஸ்ஸென்று மூச்சுவிட்டது. ஷால்வா கையில் கன்னத்தை வைத்துச் சொக்கிக்கொண்டிருந்தாள். வகுப்பு முடிந்து மணியடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது ரபி பெர்லோ கதவைத் தட்டினார்.

"ரபி, கொஞ்சம் உட்காருங்க" என்றாள் ஃப்ரேடா. "எனக்கு மூணாவது ஆள் வேணும்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். மாணவர் நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்.

"நல்ல கனவு கண்டேன்" என்றாள் ஃப்ரேடா.

"நல்ல கனவுதான். நல்லதாவே ஆகட்டும்" என்றார்கள் மூவரும்.

முதல் தடவை கெதல்யாவுக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாவது தடவை வரவில்லை. ஷால்வாவின் தூக்கக் குரலும் ரபியின் கட்டைக் குரலும் சேர்ந்து தாலாட்டு மாதிரி ஆயிற்று. வெளியே பனி, உள்ளே திரும்பத் திரும்ப அதே வார்த்தை. ஏழாவது முறை முடிந்தபோது யாருக்கும் நிறுத்த மனமில்லை.

ஃப்ரேடா கனவைச் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் ரபி எழுந்துவிட்டார். "முடிஞ்சுது டீச்சர். கனவ வாய்விட்டுச் சொல்லணும்னு சட்டம் இல்ல. மனசுல நினைச்சாலே போதும்."

"தெரியும்" என்றாள். அவளுக்குத் தெரியாதா? அதே பாடத்தைத்தானே சற்று முன் நடத்தியிருந்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா சொல்றதுக்குத்தான் ரபி இந்த வகுப்பையே வச்சேன். வீட்ல கேக்க ஆள் இல்ல."

கெதல்யா மெல்லக் கேட்டான்: "சொல்லக் கூடாதுன்னும் சட்டம் இல்லையே, ரபி?"

ரபி பெர்லோ மறுபடியும் உட்கார்ந்தார்.

ஃப்ரேடா சொன்னாள். சமையலறையைச் சொன்னாள், காப்பி வாசனையைச் சொன்னாள், கரண்டிச் சத்தத்தைச் சொன்னாள். மேயிரின் முதுகு வந்த இடத்தில் நின்றுவிட்டாள். மணியடித்தது. தாழ்வாரத்தில் பிள்ளைகள் சோலெண்ட் சட்டிக்கு ஓடும் சத்தம் கேட்டது. மூவரில் ஒருவரும் எழவில்லை.

ரபி மேசைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

"அப்புறம்?" என்றார்.