பரீட்சை ஹாலில் ஒரு ‘கோ’

உடற்கல்வி ஆசிரியை வேலைக்கு விசிலும் தொண்டையும் இருந்தால் போதும் என்று சொல்லித்தான் என்னைச் சேர்த்தார்கள். கையிலிருக்கும் பீரியடை அடுத்தவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு இளிக்கிற முகமும் வேண்டும் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் போன யாருக்கும் இந்த வேதனை புரியும். வாரம் முழுக்க பி.டி. பீரியடுக்காகக் காத்திருந்து, கடைசியில் கணக்கு டீச்சர் சாக்பீஸோடு உள்ளே நுழைவதைப் பார்த்து வயிறெரிந்தவர்கள்தானே நீங்களும்? உங்களில் ஒருத்தியாகத்தான் இதை எழுதுகிறேன். விழுப்புரத்திலிருந்து தினமும் ரயிலேறி, திண்டிவனம் பக்கம் ஒரு அரசு பெண்கள் பள்ளிக்கு வந்துபோகிறவள் நான்.

இரவல் பீரியட்

பொங்கல் லீவு முடிந்ததும் எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் காய்ச்சல் கண்டுவிடும். பிள்ளைகளுக்குப் பரீட்சைக் காய்ச்சல், வீட்டிலிருப்பவர்களுக்கு மார்க் காய்ச்சல், டீச்சர்களுக்கு ரிசல்ட் காய்ச்சல். இதில் உச்சத்தில் இருப்பவர் கணக்கு எடுக்கும் ஆரோக்கியமேரி டீச்சர். தங்கமான மனுஷி. ஒரு பிள்ளை பெயிலானாலும் அன்றைக்குச் சோறு இறங்காது அவருக்கு. “இன்னிக்கி ஒரு நாள் மட்டும் உங்க பீரியட குடுங்க டீச்சர்” என்று அவர் வந்து கேட்ட அந்த ஒரு நாள், நான் வேலைக்குச் சேர்ந்த வருஷத்திலிருந்து இன்னும் முடிந்தபாடில்லை.

போன வருஷம் முடியவே முடியாது என்று சொல்லிவிட்டேன். காலையில் ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் என்று உட்கார்ந்தே கிடக்கிற பிள்ளைகள் கொஞ்சம் ஓடியாடினால்தான் படித்தது மண்டையில் நிற்கும் என்று வாதாடினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஏன் டீச்சர், ஓடிக்கினே சமன்பாடு போட முடியுமா?”

பேர் மட்டும் எழுதிய பேப்பர்

சந்தியா பிரம்மதேசம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். எங்கள் கோகோ டீமுக்கு உயிரே அவள்தான். வரிசையில் சாதுவாகக் குந்தியிருப்பாள். பின்னாலிருந்து ஒருத்தி வந்து முதுகில் தட்டி ‘கோ’ என்று சொன்னால் போதும், அடுத்த நொடி ஆள் அங்கே இருக்க மாட்டாள். வகுப்பில் கணக்கும் நன்றாகவே போடுவாள். அப்படிப்பட்டவள் திருப்புதல் தேர்வில் கணக்குப் பேப்பரில் பேரையும் நம்பரையும் எழுதிவிட்டு, கடைசி மணி வரை பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டு வந்தாள். அடுத்த திருப்புதலிலும் அதே கதை. பாஸானால் பதினொன்றாம் வகுப்பு, இல்லாவிட்டால் சித்தி மகளோடு பனியன் கம்பெனி என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள்.

ஆரோக்கியமேரி டீச்சர் திட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், மாதா கோயிலில் மெழுகுவத்தியும் ஏற்றிப் பார்த்தார். ஒன்றும் நடக்காமல் அவளை என்னிடம் இழுத்துக்கொண்டு வந்தார். கிரவுண்டில் தனியாக உட்கார வைத்து, கணக்கு வரவில்லையா என்று கேட்டேன். வருகிறது என்றாள். அப்புறம் என்னடி வந்தது உனக்கு என்றதும், புல்லைப் பிடுங்கிக்கொண்டே சொன்னாள்: “எப்ப ஆரம்பிக்கறதுன்னே தெரியல மிஸ். கோகோன்னா யாராச்சும் பின்னால வந்து தட்டுவாங்க, பரிச்சையில யாரு தட்டுவாங்க?”

தலைக்கேறிய கிராஃப்

அந்தக் கேள்விக்கு கிரவுண்டில் வைத்துத்தான் பதில் கண்டுபிடிக்க முடியும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் கிரவுண்டுக்குப் போக பீரியட் வேண்டுமே! நான் என்னதான் முடியாது என்று சொன்னாலும், ஆரோக்கியமேரி டீச்சர் என் பீரியடைப் பாதி வழியிலேயே மடக்கிக்கொண்டிருந்தார். இந்த நேரத்தில், தேர்ச்சி விகிதத்தைப் பள்ளிவாரியாக கிராஃப் போட்டுக் காட்டுகிற ரிசல்ட் மீட்டிங் வேறு விழுப்புரத்தில் வந்தது. போய்வந்த மறுநாள் டீச்சர் தலையில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, ஸ்டாஃப் ரூமில் வருகிறவர் போகிறவர் மேலெல்லாம் எரிந்து விழுந்தார்.

பள்ளி விட்டதும் அவரையும் சயின்ஸ் டீச்சரையும் கையைப் பிடித்து இழுத்துப்போய், நடுவில் வலையைக் கட்டி, ரிங் விளையாட விட்டேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் எறிந்த எறியில், சயின்ஸ் டீச்சர் ரிங்கைத் தேடிச் சுற்றுச்சுவர் வரைக்கும் ஓடினார். இருட்டுகிற வரை விடவில்லை. வேர்க்க விறுவிறுக்க வந்து உட்கார்ந்து, ஒரு பாட்டில் தண்ணீரையும் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: “தலைக்கு ஏறிக்கினு இருந்த கிராஃபு இப்பதான் டீச்சர் கீழ எறங்குது. பாதி பீரியட நீங்களே வெச்சிக்கங்க.”

சுவரில் கணக்கு

கிடைத்த பாதி பீரியடை நான் வீணாக்கவில்லை. பிள்ளைகளை கோகோ வரிசையில் குந்த வைப்பேன். ‘கோ’ என்று தட்டினால் எழுந்து ஓடி, சுற்றுச்சுவரில் ஆரோக்கியமேரி டீச்சர் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கும் கணக்கைப் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். சந்தியா மூச்சு வாங்க வாங்க சமன்பாடு போட்டாள். 

பிறகு தட்டுவதை நிறுத்தினேன். எங்கள் பள்ளி மணி ஒரு தண்டவாளத் துண்டு. அதை அடிக்க ஆள் இல்லாததால் அந்த வேலை என் தலையில்தான் விழுந்திருந்தது. “ஹாலுக்குள்ள வந்து ஒன்ன தட்ட முடியாது. எழுத ஆரம்பிக்கிற மணிய நான்தான் அடிப்பேன். அதான் ஒனக்குக் கோ” என்றேன். முதல் தடவை மணி அடித்தபோது அவள் அசையவில்லை. சில நாள் கழித்து, மணிச் சத்தம் அடங்குவதற்குள் சுவரைத் தொட்டுவிட்டாள். கையெல்லாம் சாக்பீஸ் தூளோடு பார்த்துக்கொண்டிருந்த ஆரோக்கியமேரி டீச்சர் என் பக்கம் திரும்பினார். “வடிவியல் இன்னும் எழுதவே இல்ல, செவுரு பத்தல டீச்சர்.”

கேட்டுக்கு வெளியே

அப்பா அம்மாக்களுக்குப் பொதுத்தேர்வு வைத்தால் பாதிப் பேர் ஹாலுக்குள்ளேயே போக மாட்டார்கள். கணக்குப் பரீட்சை அன்று காலையில் கேட்டில் நின்றது நான். ஒரு அம்மா மகளின் வாயில் இட்லியைத் திணித்துக்கொண்டே வாய்ப்பாடு கேட்டார். ஒரு அப்பா, உள்ளே போய்விட்ட மகளுக்குக் கேட்கட்டும் என்று கம்பிக்குள் முகத்தை நுழைத்து, கூம்பின் கன அளவுச் சூத்திரத்தைக் கத்தினார். நான் விசிலை எடுத்து ஊதினேன். எல்லோரையும் புளியமரத்தடிக்கு ஓட்டிப்போய், பேசாமல் மரத்தைச் சுற்றி நடக்கச் சொன்னேன். நடந்தார்கள்! கூம்பு அப்பாதான் எல்லோருக்கும் முன்னால் போனார்.

ஒருவர் மட்டும் அந்தக் கூட்டத்தில் சேராமல் ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடைத் தட்டிக்குப் பின்னால் நின்றார். சந்தியாவின் அப்பா. மார்க்கெட்டில் மல்லாட்டை மூட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை, தூக்குகிறவர். பிள்ளையிடம் கம்பெனி கம்பெனி என்று சொல்லிக் கலங்க அடித்தாரே என்ற கோபத்தில், நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்றுதான் ரோட்டைத் தாண்டினேன். கிட்டே போனால் கிளாஸில் டீ ஆடை கட்டிக் கிடக்கிறது, மனிதர் கண்ணைக் கேட்டிலிருந்து எடுக்கவே இல்லை. “மூட்ட தூக்கறவனுக்கு இன்னா பயம்னு நெனச்சிக்கினு இருந்தேன் மிஸ். புள்ள உள்ள போனதுல இருந்து காலு நிக்கல.”

எழுதும் மணி

கேள்வித்தாள் கொடுத்தாயிற்று. படித்துப் பார்க்கிற நேரமும் முடியப்போகிறது. சுத்தியலோடு தண்டவாளத் துண்டுக்கு முன்னால் நின்றேன். எத்தனையோ மேட்சுக்கு விசில் ஊதியிருக்கிறேன், ஒரு மேட்சுக்கும் அன்றைக்குப் போல வாட்ச்சைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில்லை. ஓங்கி ஒரு அடி அடித்தேன். அடித்த வேகத்தில், என்னை அறியாமல், கிரவுண்டில் கத்துகிற அதே தொண்டையில் ‘கோ’ என்று கத்தியும்விட்டேன். மரத்தைச் சுற்றிக்கொண்டிருந்த பெற்றோர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். வேறு பள்ளியிலிருந்து வந்திருந்த முதன்மைக் கண்காணிப்பாளர் வெளியே ஓடிவந்து, “டீச்சர், இது பப்ளிக் எக்ஸாம், மேட்ச் இல்ல” என்றார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். மனசார அல்ல.

பரீட்சை முடிந்து சந்தியா வெளியே வந்தபோது அவள் விரலெல்லாம் மை. கூடுதல் தாள் வாங்கி எழுதினாளாம். மணி கேட்டதா என்று கேட்டேன். சிரித்தாள். “மணியெல்லாம் யாரு கேட்டா மிஸ்? உங்க கொரலுதான் முதுகுல வந்து தட்டிச்சி.”

ஒரு நாள் மட்டும்

மே மாதம் ரிசல்ட் வந்தது. சந்தியா பாஸ். மற்ற எல்லாப் பாடத்தையும்விடக் கணக்கில்தான் மார்க் அதிகம். பதினொன்றாம் வகுப்பு அட்மிஷனுக்கு அவளை அழைத்துக்கொண்டு வந்த அப்பா, வரிசையில் முன்னால் பின்னால் நின்றவர்களிடமெல்லாம் கேட்காமலே மார்க்கைச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, மறைக்கவும் இல்லை. விழுப்புரம் போகிற ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் வரைக்கும் சொல்லித் தீர்த்தேன்.

பள்ளி திறந்த முதல் வாரம், புதுப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்கள். ஆரோக்கியமேரி டீச்சர் என்னைத் தேடி கிரவுண்டுக்கு வந்து, கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: “இன்னிக்கி ஒரு நாள் மட்டும் என் பீரியட நீங்க எடுத்துக்கிறீங்களா டீச்சர்?”

ஆக, கணக்கு டீச்சரிடமிருந்தே பீரியட் இரவல் வாங்கிய பி.டி. டீச்சர் இந்தப் பக்கத்தில் நான் ஒருத்திதான் என்று மார்தட்டிச் சொல்கிறேன். அந்த பீரியடிலும் பாதி நேரம் கணக்குத்தான் நடந்தது என்பதை மட்டும் தயவுசெய்து வெளியே விட்டுவிடாதீர்கள்.