அக்கா ஒட்டின இடம்

அந்த ராக் பாடகர் செத்துப்போன செய்தி காலையில் வந்தது. மத்தியானத்துக்குள் என் மோட்டார் வைண்டிங் பட்டறை வாசலில் செருப்பு குவிந்துவிட்டது. என்னைப் பார்க்க யாரும் வரவில்லை. வந்ததெல்லாம் என் அக்காவுக்காக. துக்கம் கேட்க வந்த மாதிரி ஒவ்வொருத்தராக அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த மனுஷனுக்கும் இவளுக்கும் சொந்தமும் கிடையாது, பழக்கமும் கிடையாது. எங்கள் ஊர்ப் பக்கம் அவர் தலைவைத்துப் படுத்ததுகூட இல்லை. ஆனால் அவர் குரல் இந்த ஊருக்குள் நுழைந்தது அக்கா வழியாகத்தான்.

பத்தாவதோடு படிப்பு போதும் என்று அவளே முடிவு பண்ணிக்கொண்டவள். அந்தக் கேசட் காலத்தில் பட்டறையின் முன்பக்கம் ஒரு மேசை, இரண்டு டேப் டெக், ஒரு ஹெட்போன். காலி கேசட் கொண்டுவந்தால் கேட்ட பாட்டைப் பதிந்து கொடுப்பாள். பின்னால் நான் மோட்டாரை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அவள் பேச்சு அட்சரம் பிசகாமல் கேட்கும். ‘வால்யூம்’ என்றுதான் ஊரில் அவளுக்குப் பேர்.

அந்தப் பாடகரின் முதல் கேசட்டை ஒரு லாரி டிரைவர் எங்கிருந்தோ கொண்டுவந்தார். ஊருக்கே அது ஒன்றுதான். பதியும்போது டெக் நாடாவை மென்று துப்பிவிட்டது. நானாக இருந்தால் தலையில் கை வைத்திருப்பேன். அவள் பிளேடு எடுத்துக் கசங்கின துண்டை வெட்டி எறிந்தாள். இரண்டு முனைக்கும் நடுவில் செலோடேப் வைத்து ஒட்டினாள். கடைசிப் பல்லவி உச்சத்துக்கு ஏறுகிற இடம் அது. அங்கே பாட்டு மூச்சைப் பிடித்த மாதிரி ஒரு கணம் நிற்கும், அப்புறம் ஓடும். அந்தக் கேசட்டிலிருந்துதான் ஊருக்கெல்லாம் பதிந்து கொடுத்தாள்.

நடுவில் அப்படிக் காலியாகக் கிடப்பது ஜனங்களுக்குப் பொறுக்கவில்லை. யார் ஆரம்பித்தார்களோ, அந்த இடம் வந்தால் எல்லாரும் காலால் தரையில் ஒரு மிதி மிதிப்பார்கள். பாட்டே அப்படித்தான் போல என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அதைக் குறை என்று சொல்லிக்கொண்டு வந்தது ஒரே ஆள், அச்சகத்தில் வேலை பார்த்தவர். “கேசட்டுல ஓட்டை இருக்குங்க, வேற பதிஞ்சு குடுங்க” என்பார். வேறு கொடுத்தால் அதிலும் அதே ஓட்டை இருக்கும். திரும்பவும் வந்து நின்றபோது அக்கா ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். “கேசட்டு நல்லாத்தான் இருக்கு. உங்களுக்கு என்ன வேணும், அதைச் சொல்லுங்க.” இன்றைக்கு அவர் என் மாமா.

சாவுச் செய்தி வந்த அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பட்டறையை ஒதுக்கி நாற்காலி போட்டோம். ஆளுக்கொரு நினைவைச் சொல்வது, முடிவில் சேர்ந்து அந்தப் பாட்டைப் பாடுவது, அதை வீடியோ எடுத்துப் பாடகர் குடும்பத்துக்கு அனுப்புவது என்று ஏற்பாடு. வாசிக்கப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு கிதார்காரரும் ஒரு டிரம்ஸ்காரரும் வந்திருந்தார்கள். பாட்டை அசலிலிருந்து கற்றவர்கள். நாங்கள் மிதிக்கிற விஷயம் கேள்விப்பட்டு கிதார்காரர் அக்காவிடம் வந்தார்.

“அக்கா, அந்த மிதியை இன்னைக்கு ஒரு நாள் விட்டுடலாம். பாட்டுல அப்படி ஒரு இடமே கிடையாது.”

“அது எனக்குத் தெரியாதா? வெட்டினவளே நான்தானே.”

“வீடியோ அந்தம்மா கைக்குப் போகுது. புருஷன் பாட்டைக்கூட ஒழுங்காத் தெரியாதவங்கன்னு நெனைச்சிடக் கூடாதுல்ல?”

“நாங்க அவரை எப்படிக் கேட்டோமோ அப்படித்தான் வழியனுப்புவோம். அதை எடுத்துட்டா அது எங்க ஊரு பாடினதா இருக்காது.”

“நாங்க நிறுத்தாம வாசிச்சுக்கிட்டே போவோம். நீங்க மிதிச்சா அசிங்கமாத்தான் கேக்கும், சொல்லிட்டேன்.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. துக்கத்தில் இருக்கிற வீடு. மாமாவும் அவர் கட்சிதான் என்று முகத்தில் தெரிந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. குடும்பம் நடத்தத் தெரிந்தவர். அக்கா அதற்குமேல் பேச்சை வளர்க்காமல் முதல் ஆளைப் பார்த்து, “நீங்க ஆரம்பிங்கண்ணே” என்றாள்.

முதல் ஆள் பஸ் டிரைவர். “மலைப்பாதையில வண்டி ஏறுது. பாட்டு அந்த இடத்துக்கு வந்துச்சு. உள்ள இருந்த அத்தனை பேரும் ஒரே மிதி. கண்டக்டர் புதுசு. ஆக்சில் போச்சுன்னு விசிலை ஊதிட்டுக் கீழ குதிச்சுட்டான்.”

“குனிஞ்சு பாத்தானா?”

“படுத்தே பாத்தான்.”

அடுத்தது ஒரு நர்ஸ். “எலும்பு வார்டுல ஒருத்தரு, காலுல மாவுக்கட்டு. ஹெட்போனை மாட்டிக்கிட்டுப் படுத்திருந்தாரு. திடீர்னு கட்டுப் போட்ட காலாலேயே கட்டில்ல ஒரு போடு. டாக்டரு ஓடி வந்து என்ன ஆச்சுங்கறாரு. நான் என்ன பாட்டுன்னு கேட்டேன்.”

சிரிப்பு அடங்கியதும் தையல்காரம்மா எழுந்தார். “எங்களுக்குள்ள சண்டை வந்தா அவரு மாடிக்குப் போயிடுவாரு, நான் கீழ மெஷின்ல உக்காந்திருப்பேன். மேல இந்தப் பாட்டைப் போடுவாரு. தலைக்கு மேல ஒரு மிதி கேக்கும். நானும் கீழ ஒண்ணு மிதிச்சா சமாதானம்னு அர்த்தம். இப்ப அவரு இல்ல. மேலேர்ந்து சத்தம் வர்றதில்ல. நான் மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

சுருதி சேர்த்துக்கொண்டிருந்த கிதார்காரர் கை அப்படியே நின்றுவிட்டது. அக்கா அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புகைபிடிக்க வெளியே போயிருந்த டிரம்ஸ்காரர் அப்போதுதான் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

பாட்டு ஆரம்பித்தது. கடைசிப் பல்லவி ஏறியது. அந்த இடத்தில் கிதார்காரர் உள்ளங்கையால் கம்பிகளை அமுக்கினார். எல்லாரும் மிதித்தோம். சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர் இரண்டு கழன்று விழுந்தது. டிரம்ஸ் மட்டும் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

“யாரு கூட வாசிக்கிற தம்பி?” என்றாள் அக்கா.

“அங்க நிறுத்துடா, அது அவங்க இடம்” என்றார் கிதார்காரர். “மொதல்லேர்ந்து போலாம்.”

இரண்டாவது தடவை ஒருத்தர் பிசகவில்லை. தையல்காரம்மாவின் மிதி எனக்குத் தனியாகக் கேட்டது.

வீடியோவை அனுப்பப் போகும்போது கிதார்காரர் சந்தேகத்தோடு அக்காவைப் பார்த்தார். “எதுக்கு அங்க நிறுத்தினீங்கன்னு அந்தம்மா கேட்டா என்னக்கா சொல்றது?”

“கீழ என் நம்பரைப் போட்டுவிடு” என்றாள் அக்கா. “என்கிட்ட கேக்கட்டும்.”